ஒரு விரலில் விழும் கியர்

எங்கள் வீட்டிலிருந்து யார் வெளியே போவதானாலும் அண்ணனைக் கேட்க வேண்டும். அவன் பெரிய மனிதன் என்பதால் இல்லை. படகு மோட்டாரின் கியர் அவன் ஒருவன் கைக்குத்தான் விழும் என்பதால்.

வீடு ஏரிக்கு இந்தப் பக்கம். பஸ், கடை, ஆஸ்பத்திரி, மனிதர்கள் எல்லாம் அந்தப் பக்கம். அணையை உயர்த்தியபோது பழைய சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. மலையைச் சுற்றிப் போனால் அரை நாள் ஆகும். அப்பா மீன் குஞ்சு வளர்த்து விற்பவர், குளங்களை விட்டு வர மாட்டார். அம்மா அப்பாவை விட்டு வர மாட்டாள். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, கூடவே இருந்து துணி தைக்கிறாள். அவளும் நகர மாட்டாள், ஆனால் அவள் தைத்ததெல்லாம் அக்கரைக்குப் போயாக வேண்டும். அப்பாவுக்குக் காலில் ஆறாத புண், அதற்குக் கட்டு மாற்றவும் அக்கரைதான். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு படகு, அதன் பின்னால் ஒரு சின்ன மோட்டார், அந்த மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு லிவர்.

அந்த லிவரை நான் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே பார்த்திருக்கிறேன். அசைந்து கொடுக்காது. அண்ணன் அதில் ஒரு இரும்புக் குழாயைச் செருகுவான், ஒரு காலைப் படகின் பின்பலகையில் ஊன்றுவான், பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பான். டங்கென்று விழும். அவசரப்படுத்தினால் குழாயை நம் கையில் கொடுத்துவிட்டு, முடிந்தால் நீயே போட்டுக்கொள் என்பான். யார் கூப்பிட்டாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வருவான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சித்தி அவன் காதில் விழும்படியே சொல்வாள்.

எனக்கு இருபத்தேழு வயது. வீட்டில் இன்னும் பாப்பா. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டும் வேலையைப் படித்து முடித்துவிட்டுக் குளத்தங்கரையில் குஞ்சுகளுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்கரைக் கண்ணாடிக் கடை அம்மா கூப்பிட்டாள். திங்கட்கிழமை சேர்ந்துகொள், காலையில் கடை திறக்கும்போது நீ உள்ளே இருக்க வேண்டும், படகுக்காரன் வரவில்லை என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்றாள். அங்கேயே தங்கிக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சை எடுத்த அன்று அம்மா சாப்பிடவில்லை, அப்பா பேசவில்லை. இந்த வேலையும் போனால் தீனி வாளியோடுதான் எனக்குக் கல்யாணம் என்று தோன்றிவிட்டது.

தினமும் காலையில் கொண்டுபோய் விடுகிறாயா என்று அண்ணனிடம் கேட்டேன். "தினமுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இவனிடம் இனிமேல் கேட்பதில்லை, அந்தக் கியரையே கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அக்கரை மோட்டார்க் கடைக்காரரிடம் போனில் விசாரித்தேன். மேல்பாதி முரண்டு பிடிக்கிறதா கீழ்பாதி முரண்டு பிடிக்கிறதா என்று முதலில் பார் என்றார். லிவர் மேலே இருக்கிறது, பல்சக்கரங்கள் கீழே தண்ணீருக்குள் இருக்கின்றன, நடுவில் ஒரு கம்பி இரண்டையும் சேர்க்கிறது. அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

மோட்டாரைத் தகரக் கொட்டகைக்குள் மரச் சட்டத்தில் மாட்டினேன். தவறிக்கூட அது உயிர் பெற்று என் விரலை எடுத்துவிடக் கூடாது என்று ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பிடுங்கினேன். நடுக்கம்பியை மாட்டியிருந்த ஊசியை உருவினேன். கீழே உள்ள விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே கம்பியை ஏற்றி இறக்கினால் சாதுவாகப் போய் வந்தது. லிவரோ பழையபடி பாறை. ஆக, லிவரின் தண்டு மோட்டார் மூடிக்குள் நுழையும் இடத்தில்தான் பிடிப்பு. எந்தக் காலத்திலோ வைத்த கிரீஸ் மெழுகாக இறுகி, சுற்றிலும் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, தண்டும் அது சுழல வேண்டிய புஷ் வளையமும் ஒட்டிப் பிறந்தவை போல ஆகியிருந்தன.

துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினேன். மரச் சுத்தியலால் தட்டினேன், மறுபடி எண்ணெய், மறுபடி வெந்நீர். ஒரு நாள் முழுக்க ஊறியும் அது மயிரிழைதான் நகர்ந்தது. மறுநாள் மதியம் நான் தட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன், கையில் தீனி வாளியோடு நின்றிருந்தான். சண்டைக்குத் தயாராக நாக்கைத் தீட்டிக்கொண்டேன். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூடியை அந்தப் பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டான். தண்டு வெளியே வந்தது.

இருப்பதிலேயே நைஸான உப்புத்தாளை நனைத்துத் தண்டைத் தேய்த்தேன். லென்ஸ் ஓரம் தேய்க்கிற பழக்கம், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்று கை தானாக நிதானித்தது. புஷ்ஷைத் துடைத்து, தண்ணீரில் கரையாத புது கிரீஸ் வைத்து எல்லாவற்றையும் மாட்டினேன். நான் விசிறியைச் சுற்ற, அண்ணன் ஒரே விரலால் லிவரைத் தள்ளினான். முன்னால் விழுந்தது. இழுத்தான், நியூட்ரல். இன்னும் இழுத்தான், ரிவர்ஸ். நான் சுற்றுவதை நிறுத்திய பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை.

"இவ்வளவுதானாண்ணா? இதுக்காகவா இத்தனை வருஷம் எங்களைக் கட்டிப் போட்டிருந்தே?" என்று கேட்டேன்.

அவன் லிவரிலிருந்து விரலை எடுத்தான். "தனியா ஓட்டிருவியா?" என்றான்.

ஓட்டுவேன் என்றேன். அன்று சாயங்காலமே படகில் உட்கார வைத்தான். கியர் மாற்றும்போது வேகத்தைக் குறை, கரைக்கு வருமுன்னே நியூட்ரலுக்கு வந்துவிடு, நீ தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைக் கையில் மாட்டாமல் மோட்டாரைக் கிளப்பாதே என்று ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்தான். காற்றடிக்கும்போது படகை எப்படித் திருப்புவது, அப்பாவை எந்தப் பக்கமாக ஏற்றுவது, குஞ்சுப் பைகளை எங்கே அடுக்கினால் வெயில் படாது எல்லாம் வந்தது. முகத்தைத் தூக்கவே இல்லை. இவனைப் போய் என்னென்னவோ நினைத்தோமே என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தன்னை அக்கரையில் விடச் சொன்னான். கையில் ஒரு பை. ஏதோ வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். நானே ஓட்டி, நானே கரை சேர்த்து, ரிவர்ஸ் போட்டு அழகாக நிறுத்தினேன். அவன் இறங்கித் திரும்பி நின்றான். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற கூட்டாளி ஒருவன் வருஷக் கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறானாம். அங்கே போகிறானாம்.

எப்போது வருவாய் என்றேன். தெரியாது என்றான். வீட்டில் சொன்னாயா என்றேன். நீ சொல்லிவிடு என்றான்.

"அப்ப படகு?"

"அதான் நீ இருக்கியே."

"எனக்கு நாளைக்கு வேலைண்ணா."

"தெரியும்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தக் கியரை நானே எப்பவோ பிரிச்சிருப்பேன் பாப்பா. பிரிச்சு உங்க கையில குடுத்தா, தள்ளிவிட்டுட்டு ஓடறான்னு சொல்லியிருப்பீங்க. நீயா கேட்டு வாங்கிக்கிட்டே. நீ சமாளிச்சுக்குவே. நான் சமாளிக்கலையா?"

பஸ் வந்தது, ஏறிவிட்டான். அப்போதும் விஷயம் முழுதாக உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

திங்கட்கிழமை உறைத்தது. கடை திறக்கும்போது நான் உள்ளே இருந்தேன். முதல் லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, சட்டத்தில் பொருத்தினேன். கடை அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த நேரம் போன். குஞ்சு வாங்குகிற ஆள் அக்கரையில் வண்டியோடு நிற்கிறாராம், பைகளில் காற்று அடைத்துக் கட்டியாயிற்றாம், இன்னும் கொஞ்ச நேரம் போனால் குஞ்சுகள் செத்துப்போகுமாம். "படகு எங்கடி?" என்றாள் அம்மா.

படகு என்னோடு இருந்தது. ஒரே படகு, அது ஒரு கரையில்தான் நிற்கும். நான் வேலையில் இருந்தால் அது அக்கரையில் நிற்கும், வீட்டில் இருப்பவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் கணக்கு. நான் கியரை மட்டும் பார்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை, எனக்கு வேட்டிகூடக் கிடையாது.

வேலையைப் பாதியில் விட்டுப் போய்வந்தேன். மறுநாள் அப்பாவின் கட்டு, அதற்கும் போய்வந்தேன். அதற்கடுத்த நாள் சித்தியின் துணிக்கு ஆள் வந்து காத்திருந்தார். எல்லாரும் முன்னைவிட அதிகமாகக் கூப்பிட்டார்கள், இப்போதுதான் கியர் லேசாகிவிட்டதே. அண்ணன் முகத்தைப் பார்த்துப் பயந்து அடக்கிவைத்திருந்த வேலையெல்லாம் வரிசையாக வெளியே வந்தது. உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று அம்மா வேறு சொன்னாள். நீங்கள் யாராவது ஓட்டக் கற்றுக்கொண்டால் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பலாமே என்று கெஞ்சினேன். அப்பா காலைக் காட்டினார். அம்மாவுக்குத் தண்ணீரைப் பார்த்தால் தலைசுற்றும். ஒரு விரல் போதும் சித்தி என்று நான் சொன்னதும், சித்தி பத்து விரலையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வாரக் கடைசியில் கடை அம்மா என்னை உட்கார வைத்துப் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "உன் கை நல்ல கைம்மா. ஆனா உன் நேரம் உன்கிட்ட இல்லையே" என்றாள். நான் மேலங்கியைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

கரைக்கு வந்து படகில் உட்கார்ந்தபோது அண்ணன் கூப்பிட்டான், போன பிறகு முதல் தடவையாக. பின்னால் வண்டிச் சத்தமும் ஆட்கள் சத்தமும் கேட்டன. ஒன்பதாவது மாடியில் தரை போடுகிறானாம். கீழே பார்த்தால் தெரு எறும்புப் புற்று போலத் தெரிகிறதாம். வேலை முடிந்தால் கால் போன போக்கில் நடக்கிறானாம், யாரும் கூப்பிடுவதில்லையாம். சிரித்தான். அவனுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

வேலை எப்படி என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயந்தான் என்று நினைக்கிறேன். "கியர் எப்படி இருக்கு? திரும்ப இறுகுதா?" என்றான். "இறுகிச்சுன்னா சொல்லு பாப்பா, நான் வந்துடறேன்."

அவன் வருவான். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான், குழாயைத் தேடி எடுப்பான், நான் திங்கட்கிழமை கண்ணாடிக் கடை வாசலில் போய் நின்று இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு. அழுகையும் வந்தது, அது அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். எதிரே வீட்டுக் கரையில் அம்மா துண்டை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் லிவரின் மேல் விரலை வைத்து, நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"இல்லண்ணா, நல்லா விழுது" என்றேன். "நீ வர வேண்டாம்."