குளத்தோரப் பெஞ்சு

நகராட்சியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்கப் பேச்சு. பேச்சு என்றால் திட்டு வாங்குவது. தெருவிளக்கு எரியாததற்கும் குழாயில் தண்ணீர் வராததற்கும் அவள்தான் காரணம் என்பது போல ஊரே ஏசும். வேலை முடிந்தால் ஏசக்கூட ஆள் கிடையாது. அறைக்குப் போனால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அதனால் பூங்காவுக்குப் போவாள். குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, காக்கைக்குப் பாதி, தனக்குப் பாதி. அவ்வளவு பெரிய நகரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பலகைதான்.

நேற்று அதைக் காணோம். தரையில் ஆணி பிடுங்கிய துளைகள் மட்டும் இருந்தன. ஊழியர்கள் சொந்தப் புகாரைப் பதியக் கூடாது என்பது அலுவலக விதி.

இன்று மதியம் ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, பூங்கால குளத்துப் பக்கம் இருந்த பெஞ்சை எவன் தூக்கிட்டுப் போனான்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க அங்க உட்காருவீங்களா சார்?"

"நான் எங்கம்மா உட்கார? முட்டிவலி. மாடியை விட்டு இறங்கியே வருஷமாச்சு. சாயங்காலம் ஒரு பொண்ணு வரும். அது ரொட்டியைப் பிரிச்சாத்தான் நான் டீயைக் கையில எடுப்பேன், ஜன்னல்ல இருந்து. நேத்து வந்து, நின்னு பார்த்துட்டு, போயிடுச்சு. என் டீ ஆறிப்போச்சு. ஒரு துணை மாதிரி இருந்துச்சு, அதையும் புடுங்கிட்டீங்களே!"

விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டச்சு செய்தன.

"கைப்பிடி உடைஞ்ச பெஞ்சுதானே சார்?"

"உடைஞ்சதா? மேல இருந்து பார்த்தா அது எனக்கே தெரியாதே."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீயாம்மா அது?"

அழைப்புகள் எல்லாம் பதிவாகும். சொந்தக் கதை பேசினால் வேலைக்கே உலை.

"புகாரை... பதிஞ்சாச்சு சார்."

"பதி, பதி. இன்னொண்ணும் சேர்த்துப் பதி. அந்தப் பொண்ணு ஒல்லிக்குச்சியா இருந்துக்கிட்டு, காக்காவுக்குப் பாதியை வாரி விடுது. முழுசையும் சாப்பிடச் சொல்லு."

"சொல்றேன் சார்."

சாயங்காலம் துளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பூங்காவைச் சுற்றிலும் மாடிக் கட்டடங்கள். ஜன்னலுக்கு மேல் ஜன்னல். எது என்று அவள் கேட்டிருக்கவில்லை. பொத்தாம் பொதுவாக எல்லா ஜன்னல்களையும் பார்த்து நின்றுகொண்டு ரொட்டியைப் பிரித்தாள். காக்கை வந்து கத்தியது.

"இன்னிக்கு இல்ல, போ."

கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு, காகிதப் பையைத் தலைகீழாக உயர்த்தி, காலி என்று தெரியும்படி நன்றாக உதறிக் காட்டினாள்.