ஒன்பது மணிக்கு ஒழுகும் ஜன்னல்

மழை பெய்து நாற்பது நாளாகிறது. தண்ணீர்த் தொட்டி மாடியில் மேற்கு மூலையில் இருக்கிறது. சுவருக்குள் குழாய் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் காலை ஒன்பது மணி ஆனதும் கிழக்குப் பக்கத்து ஜன்னல் சட்டத்தின் உள்மூலையில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அதைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் இன்னொரு சொட்டு வந்தது. இரண்டும் சேர்ந்து, புதிதாகச் சந்தன நிறம் அடித்த சுவரில் அழுக்குக் கோடாக இறங்கின.

"வந்துருச்சுடி. மணி ஒம்பது அஞ்சு," என்றாள் ரேணுகா. "கவர்மெண்டு ஆபீஸ்ல கூட இவ்வளவு கரெக்டா வரமாட்டாக."

துப்புரவு வேலையில் அவளுடைய கூட்டாளி நாகவல்லி அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழக்கே பன்னிரண்டு ஜன்னல், மேற்கே பன்னிரண்டு. எல்லாமே வெள்ளை பிளாஸ்டிக் சட்டம் போட்ட, இழுத்துத் திறக்கும் யூபிவிசி ஜன்னல்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வரை இருவரும் அத்தனையையும் கழுவினார்கள். கழுவித் துடைத்த பிறகு அன்று உள்ளே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குக் கிழக்கு ஜன்னல்கள் ஒழுகின. மதியம் மூன்று மணிக்கு மேற்கு ஜன்னல்கள். இன்று புதன். மறுபடியும் ஒழுகல்.

இந்தப் புதுக் கல்யாண மண்டபத்தைக் கட்டிய தேனம்மை ஆச்சி உள்ளே வந்தார். ஐம்பது வயது, வேகமான நடை, அதைவிட வேகமான வாய்.

"கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மீசை இருந்தாப் போதும். என் சுவருக்கு எதுக்குடி வரிசையா மீசை வளக்குறீக?"

"ஆச்சி, நாங்க தொடச்சுட்டுத்தான்..."

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம் ஒம்பதரைக்கு. இந்த மண்டபத்துக்கே மொதக் கல்யாணம். வீடியோக்காரன் இந்தச் சுவரைத்தான் எடுப்பான். நாளைக்குக் காலையில சுவர் காஞ்சு கெடந்தா வருஷம் பூராவும் இந்த மண்டபம் உங்க கையில. இல்லாட்டி மதுரைக் கிளீனிங் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

ஆச்சி போனதும் ரேணுகா சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுடைய நாத்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தாள். மண்டப வேலை கிடைத்தால் ரேணுகா ஊரில் இருப்பாள். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை பஸ். பதினொரு வருஷமாக நாகவல்லி ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொள்வது ரேணுகாதான். வேறு யார் பிடித்தாலும் நாகவல்லி மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டாள்.

"உனக்கு ஏணி பிடிக்க ஒரு ஆளைப் பாத்து விட்டுட்டுத்தான் போவேன். கவலப்படாத," என்றாள் ரேணுகா.

"வாயை மூடு. யோசிக்க விடு."

ஒரே ஒரு ஜன்னல் மட்டும் ஒழுகவில்லை. அது கிழக்கே சாமான் அறையில் தனியாக இருந்த இருபத்தைந்தாவது ஜன்னல். முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததால் அதை மட்டும் கழுவவில்லை. நாகவல்லி அங்கே போய் அடிச்சட்டத்தை விரலால் தட்டினாள். டொக் டொக் என்றது. திரும்பி வந்து ஒழுகும் ஜன்னலைத் தட்டினாள். தொம் தொம் என்றது. இளநீரைத் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். சட்டத்துக்குள் தண்ணீர் நிற்கிறது.

அது எப்படி உள்ளே போனது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊற்றியது அவள்தான். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைக் கழுவிப் பழகிய கை. அங்கே ஜன்னல் என்றால் தேக்கு மரம், இரும்புக் கம்பி, கீழே கருங்கல். வாளி வாளியாக ஊற்றலாம். தண்ணீர் தானாக வழிந்து முற்றத்தில் இறங்கிப் போய்விடும். இங்கேயும் அப்படியே ஊற்றினாள். இந்தச் சட்டமோ உள்ளே குழாய்போல வெற்றிடமாக இருக்கிறது. அடிச்சட்டத்தைச் சுவரோடு முடுக்கிய திருகாணிகளுக்காக அதன் மேல்பக்கத்தில் ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை மூடி. இருவரும் மூடிகளைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டத்தையும் கழுவி, பிறகு ஒவ்வொரு மூடியையும் கட்டை விரலால் இறுக்கி அழுத்தினார்கள். சுத்தம் என்றால் அவ்வளவு சுத்தம்.

மூடி போட்டபின் உள்ளே மிஞ்சிய தண்ணீர் அன்றைக்கே ஏன் ஒழுகவில்லை? மறுநாள் ஒன்பது மணிவரை எதற்காகக் காத்திருந்தது? இதுதான் விளங்கவில்லை.

பின்கட்டில் சமையல்காரர் கருத்தையா வந்து இறங்கியிருந்தார். லாரியிலிருந்து இறக்கிய எண்ணெய் டின்கள் வெயிலில் வரிசையாக நின்றன. உதவியாள் ஒருவர் ஒரு டின்னைத் தூக்கி ஆணியை வைக்கப் போனார்.

"ஏய், ஏய்!" என்று தடுத்தார் கருத்தையா. "வெயில்ல கெடந்த டின்னுடா அது. குத்துனா மூஞ்சியில பீச்சும். நெழல்ல ஆறுனதை எடு."

உதவியாள் நிழலில் இருந்த டின்னை எடுத்து ஒரு மூலையில் ஓட்டை போட்டுச் சாய்த்தார். எண்ணெய் இரண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது. எதிர் மூலையிலும் ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டினார். எண்ணெய் தாரையாக இறங்கியது.

முகம் கழுவ வந்த நாகவல்லி கையில் தண்ணீரோடு அப்படியே நின்றாள்.

"அண்ணே, அந்த ரெண்டாவது ஓட்டை எதுக்கு?"

"என்னத்தா, இது தெரியாதா? ஒண்ணு எண்ணெய் வெளிய வர, இன்னொண்ணு காத்து உள்ள போக. காத்து போகலேன்னா எண்ணெய் வராது."

"வெயில்ல இருந்தா?"

"உள்ள இருக்க காத்து சூடேறிப் பெருக்கும். எடம் பத்தாமப் பிதுக்கித் தள்ளும்."

நாகவல்லி ஓடினாள். முகத்தைக் கழுவவே இல்லை.

"ரேணுகா! இது டின்னுடி. நம்ம ஜன்னல் எண்ணெய் டின்னு!"

"சரிதான். வெயிலு தலைக்கு ஏறிருச்சு."

"இங்க பாரு. மேல மூடியெல்லாம் இறுக்கமா இருக்கா? காத்து உள்ள போக வழியில்லை. கீழ உள்மூலையில ஒட்டு சரியா ஒட்டாம முடி மாதிரி ஒரு விரிசல் இருக்கு. அது ஒரே ஓட்டை. அதனால தண்ணி எறங்காம நிக்கும். காலையில கெழக்க வெயில் அடிச்சதும் உள்ள இருக்க காத்து பெருத்து, தண்ணியை அந்த விரிசல் வழியா வெளிய தள்ளுது. சாயங்காலம் ஆறிச் சுருங்குறப்ப அதே விரிசல் வழியா கொஞ்சம் காத்தை இழுத்துக்கும். மறுநாள் திரும்பவும் தள்ளும். மேக்க வெயில் மூணு மணிக்குத்தான வருது? அதான் அங்குட்டு மூணு மணி."

ரேணுகா துணியை வைத்துவிட்டு ஒரு மூடியின் அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டப்பென்று மூடி கழன்றது. உடனே உள்மூலையில் தண்ணீர் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. இருவரும் துணியோடு பாய்ந்தார்கள். பாதி தரையில், பாதி ரேணுகாவின் சேலையில். ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் ஆச்சியே வந்துவிட்டார்.

"என்னடி, நீங்களே தெறந்து விடுறீகளா?"

நாகவல்லி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் கழுவிவந்த கானாடுகாத்தான் ஹோட்டலில் குளியலறைகளுக்கு இதே மாதிரி ஜன்னல் உண்டு. அவற்றின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்ன வாய் வெட்டியிருக்கும். அதில் குளவி மண் அடைக்கும்; இவர்கள் ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பார்கள். அந்த வாய் எதற்கு என்று பதினொரு வருஷமாக இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. தண்ணீர் வெளியே போகத்தான். இங்கே ஜன்னல் போட்டவர்கள் அதை வெட்டவே இல்லை. ஹோட்டலில் அறுத்துப் போட்ட சட்டத் துண்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். நல்ல சட்டத்தில் உள்ளே தடுப்பு இருக்கும்; தண்ணீர் சட்டத்தின் வெளிப்பாதியோடு நின்றுவிடும். உறுதிக்கு இரும்புப் பட்டையும் இருக்கும். மூடி கழன்ற ஓட்டை வழியாகப் பார்த்தால் இதில் இரண்டும் இல்லை. வெறும் மெல்லிய கூடு.

"அதனால வெளிப்பக்கம் அடியில ஓட்டை போடணும், ஆச்சி."

"ஒழுகுற ஜன்னலுக்கு ஓட்டையா? புது ஜன்னலுடி!"

"மூடியிருக்கதாலதான ஆச்சி உள்ள ஒழுகுது? ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுறேன். சமையக்கட்டுப் பக்கம் இருக்கது. யாரும் பாக்கமாட்டாக."

ஆச்சி அந்த ஜன்னலைப் போய்ப் பார்த்தார். பிறகு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "தம்பி, அந்த டிரில்லிங் மிஷினை இங்குட்டுக் குடு," என்றார்.

நாகவல்லி வெளியே ஏணியில் ஏறினாள். ரேணுகா கீழே பிடித்துக்கொண்டாள். சட்டத்தின் வெளிமுகத்தில், உள்மூலை விரிசலைவிடத் தாழ்வாக, நுனியைச் சற்றுச் சரித்துத் துளைத்தாள். முதலில் சில சொட்டு மட்டும் வந்தது. "மூடியைக் கழத்துங்க ஆச்சி!" என்று கத்தினாள். உள்ளே ஆச்சி தன் கையாலேயே மூடியை நெம்பினார். வெளியே தண்ணீர் வளைந்து பாய்ந்து நேராக ரேணுகாவின் தலையில் விழுந்தது. ரேணுகா ஏணியை விடவில்லை.

"உள்ள எப்படி ஆச்சி இருக்கு?"

"காஞ்சு கெடக்குடி!"

இருட்டுவதற்குள் இருபத்துநாலு ஜன்னலும் முடிந்தன. வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கே ஆச்சி சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கருத்தையா கரண்டியோடு வந்து நின்றார். ஒன்பதடித்தது. ஒன்பதேகால், ஒன்பதரை. வெயில் கண்ணாடி வழியாகத் தரையில் பளீரென்று விழுந்தது. சுவர் காய்ந்தே இருந்தது. மூன்று மணிக்கு மேற்குப் பக்கமும் அப்படியே.

ரேணுகா போனை எடுத்தாள். "நாத்தனாரே, வேற ஆளைப் பாத்துக்கிருங்க. எனக்கு இங்க ஏணி பிடிக்கிற வேலை இருக்கு."

ஆச்சி மார்க்கர் பேனாவை நாகவல்லியிடம் நீட்டி, சாமான் அறைக் கதவின் உள்பக்கம் எழுதச் சொன்னார். நாகவல்லி நிதானமாக எழுதினாள்:

"ஜன்னல் கழுவ வாளியால் ஊற்றக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கவும். அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம், இரண்டு ஓரத்திலும் பென்சில் நுழையும் அளவு ஓட்டை உண்டு. மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்தி அடைப்பு எடுக்கவும். உள்ளே தண்ணீர் போய்விட்டால் மேல் மூடியைக் கழற்றி வைக்கவும். காற்று உள்ளே போகும், தண்ணீர் வெளியே போகும். முழுவதும் வடிந்த பிறகு மூடியைப் போடவும்."