ஃபியூஸ் போன ஞாயிறு

இருபது வருஷமாக எங்கள் ஆலயத்தில் மைக் செட் பார்க்கிறவன் நான். வறண்ட நிலம் மழைக்குத் தவிக்கிற மாதிரி ஒரு ராஜா கடவுளுக்காகத் தவித்தாரே, வேதத்தில் இருக்கிற அந்தப் பாட்டைச் சபையே உருகிப் பாடும். எனக்கோ காதில் ஹெட்போன், விரல் வால்யூமில். எந்த மைக் இரைகிறது என்பதுதான் கவலை. வாராவாரம் கடவுளின் வீட்டுக்கே போய், அவரைப் பார்க்காமல் திரும்புகிற ஆள் நான்.

இந்த ஞாயிறு அந்தப் பாட்டின் நடுவே ஃபியூஸ் போனது. சனியனே என்று திட்டிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினேன்.

பாட்டு நிற்கவில்லை. முந்நூறு பேர் மைக்கே இல்லாமல் கூரை அதிரப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கடைசி பெஞ்சில் இருந்த என் மனைவி நகர்ந்து இடம் விட்டாள்.

"என்னங்க, ரிப்பேர் பார்க்கலையா?"

"பார்க்கணும்."

"அதை அப்புறம் பாருங்க. இப்போ பாடுங்க."

பாடினேன். என் குரலுக்குக் கழுதையே தேவலை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இன்னும் சத்தமாகப் பாடினேன்.

மாற்று ஃபியூஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆராதனை முடியும்வரை அதை நான் தொடவே இல்லை.