சாக்பீஸ் வட்டம்

இன்ஜின் நம்பரைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் கிரைண்டரைக் கையில் எடுப்பேன். இருபத்தாறு வருடப் பழக்கம். அன்று ஒரு நாள் போடவில்லை. அலுப்பு, வேறென்ன சொல்ல?

ஜீப் சுபத்ராவுடையது. பெரணமல்லூர்க்காரி, தானே ஓட்டுகிறவள். ஜவ்வாது மலை ஊர்களுக்கு நர்சுகளையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிப்போகும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தொடக்கம். பழைய இன்ஜினோ ஏற்றத்தில் இழுக்கவே இழுக்காது.

"பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க டேவிட்ண்ணா. இந்த வேலைய விட்டா எனக்கு வேற நாதி இல்ல" என்றாள்.

இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, பெரிய இன்ஜினும் வாங்கி, சேவூர் ரோட்டில் என் ஷெட்டில் இரண்டு மாதமாக இதே பேஜார். இன்ஜினை உட்கார வைத்தால் ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினால் பானெட் மூடவில்லை. என் இடுப்பு போயே போய்விட்டது. கடைசியில், தாங்குகிற பிராக்கெட் படியவில்லை என்று இன்ஜினின் பக்கவாட்டைக் கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. சுபத்ரா கைதட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மறுநாள் காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட நம்பரைத் துடைத்து வைப்போம் என்று குனிந்தேன். நம்பர் இல்லை. நானே தேய்த்துத் தள்ளியிருக்கிறேன், அறிவுகெட்டவன்!

அவர் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார், ஒன்றும் விழாது. உண்மையைச் சொன்னால் மனு, விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். சுபத்ராவின் வேலை போய்விடும். டூல்ஸ் பெட்டியில் எண் அடிக்கும் பஞ்ச் இருந்தது, நம்பர் இன்ஜின் வாங்கிய பில்லில் இருந்தது. மூன்று எண்கள் அடித்துவிட்டேன். நான்காவதற்குச் சுத்தியலை ஓங்கும்போது, எனக்கு டீ வாங்கிக்கொண்டு சுபத்ரா உள்ளே வந்தாள்.

"இன்னாண்ணா அடிச்சிகினு கீறீங்க?"

மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "அதே நம்பர்தாம்மா. எவனுக்கும் தெரியாது."

"மாட்னா? ஆர்.சி. புக்ல இருக்கறது எம்பேரு. ஜெயிலுக்கு நீங்களா போவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என் தப்பை மறைக்க அவள் தலையை அடகு வைக்கப் பார்த்திருக்கிறேன். அது அவள் கேட்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவள் டயர் மேல் உட்கார்ந்தாள். பிறகு மூலையில் கிடந்த பழைய இன்ஜினைப் பார்த்தாள்.

"அதையே திரும்பப் போடுங்க. புக்ல இன்னும் அந்த நம்பர்தான கீது."

"ராப்பகலா பண்ணாத்தான் ஞாயித்துக்கெழம முடியும். முடிஞ்சாலும் ஏத்தத்துல இழுக்காதேம்மா."

"நர்சம்மாங்கள எறக்கி நடக்க வச்சிக்கறேன். மருந்துப் பெட்டி ஏறினா போதும்."

எழுந்து, இன்ஜின் தூக்கும் செயின் பிளாக்கை ஜீப்புக்கு மேலே இழுத்து நிறுத்தினேன். இரண்டு மாத உழைப்பைக் கழற்ற ஸ்பேனரைத் தேடினேன். அவளே எடுத்து நீட்டினாள்.

"திங்கக்கெழம நீங்களும் மலைக்கு வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"தள்றதுக்கு."

அவள் சிரிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன்.