இடது பின்கதவின் கைப்பிடி

போன ஆவணியில் ரகுநந்தனைக் கார்க் கண்ணாடியோடு சேர்த்துக் கதவுக்குள் இறக்கியது அவருடைய மனைவி மாலினிதான். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். துறையூர்ப் பிச்சமுத்துவிடம் வாங்கிய பழைய அம்பாசடர் அது. கதவுகளின் உட்பக்கத்தை மூடியிருந்த டோர் பேடுகள் ஊறி உப்பி, ரெக்சின் உரிந்து தொங்கின. பாலக்கரை தாஹா பாய் நான்குக்கும் புதிதாக அட்டை வெட்டி, மெரூன் ரெக்சின் போர்த்தி, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து மாட்டினார். இடது பின்கதவின் பழைய பேடில் மட்டும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு ஓட்டையே இல்லை. எவனோ சோம்பேறி செய்த வேலை என்று திட்டிக்கொண்டே புதுப் பேடில் ஓட்டை போட்டுக் கைப்பிடியையும் பொருத்தினார். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது.

மாலினி பின்சீட்டில் உட்கார்ந்து அந்தக் கைப்பிடியைச் சுற்றினாள். வெளியே ரகுநந்தன் சிரித்தபடி நின்றார். கண்ணாடி இறங்க இறங்க அவரும் இறங்கினார். இடுப்பு, மார்பு, கடைசியாக நெற்றித் திருமண். வீதியில் செருப்பு மட்டும் கிடந்தது.

பேடுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "மாலு, ஒரே இருட்டா இருக்கு. உள்ளே வேற யாரோ இருக்கா."

பேடைப் பிரிக்கலாம் என்றால் ஸ்க்ரூ டிரைவர் அவர்மேல் பட்டுவிடுமோ என்று தாஹாவுக்குப் பயம். பிச்சமுத்துவுக்குப் போன் போட்டார்கள்.

"கைப்பிடியக் கழட்டிருங்கம்மா. நானும் அதைத்தான் செஞ்சேன். திருப்பிச் சுத்தினா எப்படி வருமோ, பாதிதான் வருமோன்னு பயம்."

பிச்சமுத்துவின் மனைவி பவுனம்மாள் இளம் வயதில் அதே கண்ணாடியில் இறங்கியவள். ஊர் கேட்டபோதெல்லாம் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லியே அவர் கிழவராகிவிட்டார்.

பாதி ரகுநந்தனை நினைத்து மாலினி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். கழற்றிவிட்டால் பாதிகூடக் கிடைக்காது என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"பாய், நீங்க துவா ஓதுங்கோ, நான் சுத்தறேன்."

தாஹா பிஸ்மில்லாஹ் சொன்னார். கைப்பிடி கனமாகச் சுழன்றது. முதலில் திருமண் வந்தது, பிறகு முழு ஆளும் வந்து செருப்பைத் தேடினார். அவருக்குப் பின்னாலேயே, மெல்லிய பருத்திப் புடவையும் வாடாத கனகாம்பரமுமாக ஒரு சின்ன வயதுப் பெண் வெயிலுக்குக் கண் கூசி நின்றாள்.

பிச்சமுத்து பஸ் பிடித்து வந்தார். பவுனம்மாள் அந்தக் கிழ முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒரு கைப்பிடியச் சுத்த இவ்வளவு காலமா?"

"பயந்துட்டேன் பவுனு."

மாலினி இருவருக்கும் சாதம் போட்டு அனுப்பினாள். துறையூர் பஸ்ஸில், தாத்தாவுக்கு இடம் கொடுங்கள் என்று கண்டக்டர் சத்தம் போட்டார். காற்று வரட்டும் என்று பவுனம்மாள் ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தபோது கிழவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். துறையூர் வரை விடவில்லை.