அரையடி குறைந்த போர்டு

போர்டு வந்து இறங்கியதுமே மாடம்மாளுக்கு வயிறு பற்றிக்கொண்டது. 'மாடம்மாள் பாத்திரக்கடை' என்று தமிழிலும் மலையாளத்திலும் எல்.இ.டி. எழுத்து, புத்தம்புதுசு. அதெல்லாம் யாருக்கு வேணும்? டேப்பை எடுத்து அளந்தாள். உயரம் மூன்றரை அடி. அவள் எழுதிக் கொடுத்ததோ நாலடி. மூன்றரை என்பது எதிர்க்கடை ஜெபமலர் போர்டின் உயரம்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் இவர்கள் சங்கதி தெரியாத, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன்கூடக் கிடையாது. நாகர்கோவில் பக்கமிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே முதலாளியின் கடையில் பாத்திரம் துடைத்த பெண்கள். மாடம்மாள் முதலில் தனிக்கடை வைத்தாள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருந்தாளா அந்த ஜெபமலர்? நேர் எதிரே கடை போட்டாள். போட்டதோடு விட்டாளா? அந்தப் போர்டையும் மாட்டினாள். சாயங்காலமானால் மாடம்மாள் கடைக் குக்கரிலெல்லாம் ஜெபமலரின் பெயர் மின்னும். அதைப் பார்த்தால் மாடம்மாளுக்குச் சோறு இறங்காது.

"அரையடிதானே சேச்சி," என்றான் போர்டு செய்த பிரவின்ராஜ். "பைசா குறைச்சுத் தர்றேன், போராதா?"

"ஒன் பைசா யாருக்குலே வேணும்? சவத்த எடுத்துட்டுப் போ!"

அவன் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு நழுவினான். மாடம்மாள் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, நேரே வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போய் வக்கீல் சுப்ரியாவைப் பார்த்தாள். சுப்ரியா கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண்.

"மாட்டலையே? நல்லவேளை. மாட்டி எரியவிட்டிருந்தா ஏத்துண்டதா ஆயிடும். அப்புறம் நஷ்டஈட்டோட சரி."

"எனக்கு ஈடும் வேண்டாம், போர்டும் வேண்டாம் மேடம்."

"இருங்கோ. ஒப்பந்தத்துல சிலது உயிர் மாதிரி. அது போச்சுன்னா ஒப்பந்தத்தையே முறிச்சுண்டு சாமானைத் திருப்பிடலாம். அதுக்குக் கண்டிஷன்னு பேர். சிலது ஓரத்து விஷயம். அது குறைஞ்சா, குறைஞ்சதுக்கு ஈடு வாங்கிண்டு சாமானை வெச்சுக்கணும். சட்டத்துல அதுதான் வாரண்டி. உங்க போர்டுல பேர் தெரியறது, விளக்கு எரியறது. அரையடி வெறும் ஓரம்னுதான் அவன் சொல்லுவான். இல்லை, அதுதான் உயிர்னு நாம காட்டணும். எதுக்கு அந்த அரையடி?"

"வாஸ்து," என்றாள் மாடம்மாள்.

சுப்ரியா பேனாவை மூடினாள். "நிஜத்தைச் சொல்லுங்கோ."

"எதிர்க்கடைக்காரி போர்டவிட உசரமா இருக்கணும். அவ வயிறு எரியணும். அதுக்குத்தான் மேடம் போர்டே!"

"ஆர்டர் குடுக்கறச்சே அவன்கிட்ட இதைச் சொன்னேளா?"

"வாய்விட்டே சொன்னேன்."

"கேட்டவா யாராவது உண்டா?"

மாடம்மாளின் முகம் செத்துப்போனது. உண்டு. அன்றைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால், சில்லறை மாற்ற வந்தவள் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜெபமலரேதான்.

அவளிடம் போய் நிற்பதா? அதற்குச் செத்துப் போகலாம். ஆனால் சாக்கு மூடிய போர்டு போகும்போதும் வரும்போதும் முழங்காலில் இடித்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மாடம்மாள் தெருவைத் தாண்டினாள்.

"என்னட்டி?" என்றாள் ஜெபமலர், கல்லாவைவிட்டு எழாமலே.

"அன்னைக்கு நான் பிரவின்ராஜ்கிட்ட சொன்னத நீ கேட்டல்லா? அதக் கோர்ட்ல வந்து சொல்லணும்."

"என் போர்டவிட உசரம் வேணும்னியே, அதையா?"

"அதத்தான்." மாடம்மாளுக்குக் காது சுட்டது.

சிரிப்பாள் என்று நினைத்தாள். ஜெபமலர் சிரிக்கவில்லை. மூக்கு சிவந்து, உதடு துடித்தது.

"சொல்லுதேன். இதையும் சேத்துச் சொல்லுதேன். அதக் கேட்டதுலருந்து எனக்குப் பச்சத்தண்ணி இறங்கலட்டி. மறுநாளே அவன்கிட்டப் போனேன். அவ போர்டு என்னுதுக்கு மேல ஒரு விரக்கடை உசந்தாலும், சாலை பஜார்ல நான் தொறக்கப்போற கடைக்கு ஒனக்குப் போர்டு ஆர்டர் கெடையாதுன்னேன். நான்தான் குறைக்கச் சொன்னேன். இப்ப என்ன செய்யப்போற?"

கொண்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். மாடம்மாளுக்கோ அடிவயிற்றிலிருந்து குளுகுளுவென்று என்னவோ ஏறியது.

"பச்சத்தண்ணி கூடவா இறங்கல?"

"கூடத்தான்! போதுமா?"

கடைக்குத் திரும்பிய கையோடு மாடம்மாள் வக்கீலுக்கு போன் போட்டாள். "மேடம், கேஸ் வேண்டாம். குறைஞ்சதுக்கு ஈடு மட்டும் வாங்கிக் குடுங்க."

"அரையடிதான் உயிர்னேளே?"

"அது வெறும் ஓரந்தான் மேடம். உயிரு ஒழுங்கா வந்து சேந்துட்டு."

அன்று சாயங்காலமே போர்டு ஏறியது. எதிர்க்கடை அண்டாக்களில் எல்லாம் மாடம்மாளின் பெயர் மின்னியது. அடடா! வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதிரே பார்த்துக்கொண்டே தட்டு நிறையச் சோற்றைப் பிசைந்து தின்றாள். இப்படி ருசித்துத் தின்று எத்தனை நாளாயிற்று!

பாதித் தட்டில்தான் அவளுக்கு உறைத்தது. சாலை பஜாரில் திறக்கப்போகிற கடை என்றாளே. அப்படியென்றால் அந்தச் சவத்துக்கு ரெண்டாவது கடையா?

மாடம்மாள் தட்டைத் தள்ளிவைத்தாள்.