மூடி ஆடாத வண்டி

ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினில் ஆயில் ஊற்றுகிற வாய்மேல் அதன் மூடியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் சுகுணா, மூடி லேசாக நடுங்குகிறது, ஆனால் துள்ளவில்லை, ஓரத்தில் புகை இல்லை, சத்தி ரோட்டு ஆட்டோ கன்சல்டிங்கில் வரிசையாக நிற்கும் பழைய லோடு வண்டிகளுக்கு நடுவே, வெயிலில், கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, ஏனுங்க்கா, நீங்க மெக்கானிக்குங்களா என்று கேட்கிறார், அவள் கையைத் துணியில் துடைத்தபடி, அதெல்லாம் இல்லீங்க, சும்மா தெரியும், இஞ்சின் நல்லாருக்குதுங்க, உள்ள புகைச்சல் இல்லை என்கிறாள், சொல்லிவிட்டு அதைப் பெரிய விஷயமாகவே நினைக்காமல் டயரைப் பார்க்கப் போய்விடுகிறாள், ஆனால் அவள் புருஷன் திருமூர்த்திக்கு அந்த இடத்திலேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது, சும்மா தெரியுமாம், ஆயில் மூடியைத் திருப்பி வைத்து டீசல் இஞ்சினின் ஆயுசைப் பார்ப்பது ரசம் வைப்பது மாதிரி சும்மா தெரிந்துகொள்கிற சங்கதியா, யாரோ பக்கத்தில் நின்று, இப்படிப் பாரு, இப்படி வை என்று சொல்லித் தராமல் ஒரு பொம்பளைக்கு எப்படித் தெரியும், அந்த யாரோ யார் என்று யோசிக்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஜெகநாதன், வேறு யார், ஜெகநாதனேதான்.

ஜெகநாதன் சுகுணாவின் அத்தை மகன், காரமடையில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கிற டீசல் மெக்கானிக், சுகுணா பாவாடை தாவணி கட்டின நாளிலேயே அவனுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள், கடைசியில் ஜாதகம் சேரவில்லை என்று விட்டுப்போனது, இதைத் திருமூர்த்தியிடம் யாரும் மறைக்கவில்லை, மறைத்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பான், எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், அதுதான் ஆறவில்லை, கல்யாணப் பந்தியில் அந்த ஜெகநாதனே பாயச வாளியோடு வந்து, இன்னுங் கொஞ்சம் ஊத்திக்குங்க தம்பி என்று இலை நிறைய ஊற்றினான், முறைக்கு அவன் அண்ணன் ஆகிறான், அண்ணா என்று கூப்பிட வேண்டும், இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை திருமூர்த்தியின் தொண்டையைத் தாண்டி வந்ததே இல்லை, சுகுணாவுக்கோ அவன் ஜெகு மாமா, புருஷனைக் கூப்பிட ஏனுங்க என்கிற ஒற்றைச் சொல், அவனுக்கு மட்டும் பேரும் உறவும் சேர்ந்த மாமா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பட்டறையில் சித்த நேரம் உக்காந்துட்டுத்தான் ஊட்டுக்கு வருவேன் என்று அவளே ஒருநாள் சொன்னாள், டீசல் வாசம் எனக்குப் புடிக்குமுங்க என்றும் சொன்னாள், எப்போது சொன்னாள், பையன் பிறப்பதற்கு முன்பா பின்பா, சமையல்கட்டிலா, மழை பெய்துகொண்டிருந்ததா, ஒன்றும் நினைவில் இல்லை, சொன்னது மட்டும் முள்ளாக நிற்கிறது. அந்த ஜெகநாதனுக்கு இப்போது தொப்பை விழுந்து, முன்தலை வழுக்கையாகி, பேத்தி எடுக்கிற வயது ஆகிவிட்டது, அதனால் எல்லாம் திருமூர்த்தியின் வயிறு குளிர்ந்துவிடவில்லை.

ஒரு காலத்தில் சுகுணாவும் வண்டியில் வருவாள், காரமடையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது சிமெண்ட், இறங்கும்போது கேரட்டும் பீன்ஸும், பக்கத்துச் சீட்டில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரனை அவளே எட்டி அடிப்பாள், பனி இறங்கினால் கண்ணாடியைத் துடைப்பாள், அப்படிப் போன ஒரு காலையில் பட்டறை வாசலில் நின்ற ஜெகநாதன் கையைத் தூக்கினான், இவளும் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான் நடந்தது, ரோட்டில் போகிற எவனும் எவனுக்கும் கையைத் தூக்குவான், ஆனால் அன்றிலிருந்து திருமூர்த்திக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன, மலையில குளிரு ஜாஸ்தி, லோடு இறங்க நேரமாகும், பையனை யாரு பார்த்துக்கறது, இப்படியே சொல்லிச் சொல்லி அந்தப் பக்கத்துச் சீட்டு காலியாகி, அதில் தார்ப்பாயும் கயிறும் ஏறி உட்கார்ந்துகொண்டன, சுகுணா ஏன் என்று கேட்கவில்லை, ஒரே ஒரு தடவை, நானும் வர்றேனுங்க என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கைக்கெட்டுகிற தூரத்தில் பட்டறை இருக்க, இவன் அன்னூர் வரை போய் ஆயில் மாற்றிக்கொண்டு வந்தான், ஏன்டா இந்த அலைச்சல் என்று கேட்டவர்களிடம் அன்னூர்க்காரன் கைராசிக்காரன் என்றான், அந்தக் கைராசிக்காரன் ஒருதரம் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டதையும் வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டான்.

அந்த வண்டிதான் இப்போது இஞ்சின் போய் வீட்டு வாசலில் நிற்கிறது, இனி செலவு பண்ணிப் பிரயோஜனம் இல்லை, கோத்தகிரி மண்டிக்காரர், இந்த மாசத்துக்குள்ள வண்டியோட வாங்க, இல்லீன்னா வேற ஆளப் பார்த்துக்குவனுங்க என்று சொல்லிவிட்டார், மலை லோடு கைவிட்டுப் போனால் இத்தனை வருஷம் பிடித்து வைத்த பிழைப்பே போனது, அது அவனுக்கும் தெரியும். அப்போதுதான் மாமியார் போன் பண்ணி, நம்ம ஜெகுகிட்டக் கேட்டேன் மாப்பிள்ளை, மலைக்குப் போறதுன்னா டீசல்தான் இழுக்கும், புதுசுக்கு அலைய வேண்டாம், நல்ல செகண்ட்ஸா பார்த்து எடுங்கன்னு சொன்னான் என்றார், போச்சு, அதுவரை டீசல் டீசல் என்று சொல்லிக்கொண்டிருந்த திருமூர்த்தி அந்த நிமிஷமே சி.என்.ஜி. கட்சிக்கு மாறிவிட்டான், கேஸ் வண்டிதான் எடுக்கப் போகிறேன், அதுவும் புதுசு, சீட்டு பாலிதீன்கூடப் பிரிக்காத புதுசு, கிலோமீட்டருக்கு என்ன மிச்சம் ஆகுது தெரியுமா என்று வீட்டில் எல்லாருக்கும் பாடம் எடுத்தான், சுகுணாதான், எதுக்கும் ரெண்டையும் ஒரு எட்டுப் பார்த்துடலாமுங்க என்று கிளம்பி வந்தாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு திருமூர்த்தி பழைய வண்டி வாங்கின நாளை நினைத்துக்கொண்டான், பல்லடத்தில் ஒரு பெரிய புளியமரம், அதற்கடியில் வரிசையாக வண்டிகள், அவன் தனியாகத்தான் போயிருந்தான், தனியாகத்தான் தேடினான், ஒருத்தன் துணையும் இல்லாமல் அவனே பார்த்து அவனே எடுத்த வண்டி, ஞாபகத்தில் அந்தப் புளியமரத்தடியில் அவனைத் தவிர ஆளே இல்லை.

சத்தி ரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டு ஷோரூமுக்கு வந்து சேரும்வரை அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஷோரூமில் ஏசி காற்று, டை கட்டின விற்பனையாளர், வெள்ளை வெளேரென்று நிற்கிற கேஸ் வண்டி, சார், இது சவுண்டே இருக்காது சார், கேஸ் செலவு டீசல்ல பாதிகூட வராது சார் என்று அவர் சொல்லச் சொல்லத் திருமூர்த்தி பலமாகத் தலையாட்டினான், சுகுணா மட்டும் நிதானமாக, ஏனுங்க தம்பி, முழு லோடோட கோத்தகிரி ரோடு ஏறுமுங்களா என்று கேட்டாள், ஏறும்க்கா, கொஞ்சம் மெதுவா ஏறும் என்றார், மேல கேஸ் பங்க் இருக்குதுங்களா, இப்போதைக்கு இல்லைக்கா, வந்துடும், கேஸ் தீர்ந்தா பெட்ரோல்ல ஓடும்க்கா, அப்ப பெட்ரோல் செலவுல என்னுங்க மிச்சம், என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், ஒவ்வொரு கேள்வியும் சரியான கேள்வி, அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, சரியான கேள்வி என்பதாலேயே அவனுக்குக் காந்தியது, ஒவ்வொன்றிலும் ஜெகநாதனின் குரல் கேட்டது, இவள் வாயைத் திறந்தால் அவன் பேசுகிறான் என்று நினைத்தான், உனக்கென்ன தெரியும், பேசாம உக்காரு என்று எல்லார் முன்னாலும் சொன்னான், அவள் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். புக்கிங் பண்ணிடலாங்களா சார் என்றார் விற்பனையாளர், பண்ணிடலாம், ஒரு நிமிஷம் உள்ள உக்காந்து பார்க்கறேன் என்று திருமூர்த்தி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளே புது ரப்பர் வாசம், சீட்டு உடம்பை வாங்கிக்கொள்கிறது, வெயிலில் அலைந்த களைப்பு, கண் தானாகச் சொருகுகிறது, ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே பனி இறங்குகிறது, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏது பனி, இது கோத்தகிரி ரோடு, வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது, ஓட்டுகிறவன் திருமூர்த்தி இல்லை, அவன் பின்னால் கேரட் மூட்டைகளுக்கு நடுவில் கிடக்கிறான், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடி வழியே இரண்டு பின்னந்தலைகள் தெரிகின்றன, ஒன்று சுகுணாவுடையது, கனகாம்பரம் வைத்திருக்கிறாள், ஒவ்வொரு வளைவுக்கும் எட்டி ஹாரன் அடிக்கிறாள், சிரிக்கிறாள், ஓட்டுகிறவன் அவள் கையைப் பிடித்து எதையோ காட்டுகிறான், திருமூர்த்தி மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வந்து கண்ணாடியைத் தட்டுகிறான், டேய் ஜெகநாதா, நிறுத்துடா வண்டியை என்று கத்துகிறான், சத்தம் வரவில்லை, ஓட்டுகிறவன் திரும்புகிறான், வழுக்கை இல்லை, தொப்பை இல்லை, மெலிந்த ஆள், மீசைகூட நிறைந்து வளராத ஆள், எங்கேயோ பார்த்த முகம், யார் இவன், யார் இவன் என்று பதறும்போதே கண்ணாடி தட்டப்படுகிறது, வெளியிலிருந்து, சுகுணா தட்டுகிறாள், ஏனுங்க, தூங்கிட்டீங்களா, அந்தத் தம்பி காத்துட்டு நிக்கறாரு.

கதவைத் திறந்தான், இறங்கவில்லை, இத்தனை வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததைப் பக்குவமாகக் கேட்க அவனுக்கு வரவில்லை, அந்த மூடியைத் திருப்பி வெக்கற வேலையை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா, ஜெகுதான, நெசத்தைச் சொல்லு என்று கேட்டேவிட்டான், சுகுணாவுக்கு முதலில் புரியவில்லை, புரிந்தபோது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவனை விநோதமாகப் பார்த்தாள், ஏனுங்க, நெசமாவே மறந்துட்டீங்களா, நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க என்றாள். நானா. நீங்கதான், கண்ணாலமாகி மூணாம் மாசம், பல்லடத்துல, புளியமரத்தடியில, நான் வரமாட்டேன்னு சொன்னேன், நீ வந்து பார்த்தாத்தான் வண்டி எடுப்பேன்னு கூட்டிட்டுப் போனீங்க, மூடி சுடும்னு நான் கையை இழுத்துக்கிட்டேன், நீங்க உங்க கைக்குட்டையை என் விரல்ல சுத்திவிட்டு, கையைப் புடிச்சு வெக்கச் சொன்னீங்க, உள்ள புகைச்சல் இருந்தா மூடி துள்ளும் பாருன்னீங்க, துள்ளுச்சு, அடுத்த வண்டிக்குப் போனோம், அங்கயும் துள்ளுச்சு, அத்தனை வண்டிக்கும் என்னையேதான் வெக்கச் சொன்னீங்க, எம்பட புதுச் சேலையெல்லாம் ஆயிலு, நான் அழுதேன், நீங்க சிரிச்சுட்டே, நான் இல்லாத அன்னிக்கும் உன்னைய ஒருத்தன் ஏமாத்த முடியாது பாருன்னு சொன்னீங்க. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது, கண் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது, அந்த முகத்தை அவன் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவள் ஜெகநாதனுக்குக் காட்டியிருப்பாள் என்று அவன் கற்பனை பண்ணி வைத்திருந்த முகம் அது, காட்டியது அவனுக்கில்லை, பல்லடத்து ஆளுக்கு.

அவன் புளியமரத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தான், மரம் வந்தது, வண்டிகள் வந்தன, ஆயில் பட்ட சேலை மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை, கைக்குட்டை சுற்றிவிட்ட அந்த ஆள் தான்தான் என்று அவள் சொல்லித்தான் நம்ப வேண்டியிருந்தது, அவள் கையைப் பிடித்து, வண்டி வண்டியாகக் கூட்டிக்கொண்டு போய், தெரிந்ததையெல்லாம் அவளுக்குக் கொடுத்த அந்த மெலிந்த பயல்மேல் திருமூர்த்திக்கு வந்த பொறாமை, ஜெகநாதன்மேல் இத்தனை காலம் வந்தது எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. விற்பனையாளரிடம், மன்னிச்சுக்குங்க தம்பி, மலைக்கு டீசல்தான் சரிப்படும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான், சத்தி ரோட்டுக்குத் திரும்பிப் போகக் காந்திபுரம் பஸ்ஸுக்கு நின்றார்கள், வெயில் கொளுத்தியது, சுகுணா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள், பஸ் ஒன்று நிற்காமல் போனது, அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அப்புறம் என்ன சொன்னான் என்று கேட்டான். யாரு என்றாள். அவன்தான், பல்லடத்துல உன்ற கையைப் புடிச்சானே, அவன். சுகுணா அவனை மேலும் கீழும் பார்த்தாள், சிரிப்பாள் என்று நினைத்தான், சிரிக்கவில்லை, தெரியலீங்க, அந்த ஆளைப் பார்த்து எனக்கும் ரொம்ப வருஷம் ஆச்சு என்றாள்.